தொழில் மேதை ஜி. டி. நாயுடு



தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என்றே உலகம் அவரை அறியும். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பும் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைத் துரைசாமி கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அவ்வண்டி அவர் மனத்தை ஈர்த்தது. அத்தகைய வண்டியை வாங்கியே தீருவதென உறுதி பூண்டார். கோவை சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என ஆராய்ந்தார். பின்னர் முன்போலவே பூட்டினார்.

இஃது எளிய செயலன்று. எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதனைச் சுற்றி மெல்லிய வளையங்கள் உள்ளன. வளையம் மயிரிழை பெருத்தால் உருளையில் சிக்கிக்கொள்ளும். மயிரிழை சிறுத்தால் வாயு கசிந்து எஞ்சின் வலுவிழக்கும். ஜப்பானியரான சொய்ச்சிரோ ஹொண்டா 1930களில் இவ்வளையங்களைச் செய்ய முயன்று தோல்வியுற்றார். குறையை அறிவதற்காக, முப்பது வயதை ஒட்டிய அவர் ஹமாமட்சு நகரத் தொழிற்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். உலோகத்தில் சிலிக்கன் போதாமையே காரணம் என அறிந்து வெற்றி கண்டார். ஹொண்டாவுக்குப் பள்ளி கிடைத்தது. நாயுடுவுக்கோ பிரித்துப்போட்ட வண்டியே பள்ளியாயிற்று.

பின்னர்ப் பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பொருளை இழந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். தாமே அதனை ஓட்டினார். காலப்போக்கில் அந்த ஒரு வண்டி இருநூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளாகப் பெருகியது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படும் மோட்டாரை உருவாக்கினார். ரேசண்ட் என்னும் மின் சவரக் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி எனப் பல பொருள்கள் அவர் சிந்தையில் உதித்தவை.

தமக்கு வாய்க்காத கல்வி பிறருக்கு வாய்க்க வேண்டும் என்று அவர் விழைந்தார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றப் பெரும்பொருள் வழங்கினார். தாமே முதல்வராகவும் விளங்கினார். பட்டறையில் கைபழகிக் கற்றால் நீண்ட ஆண்டுப் படிப்பைச் சுருக்கலாம் என்பது அவர் கொள்கை. ஆட்சியாளர் அதனை ஏற்காமையால் பதவியைத் துறந்தார்.

1952இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாயே. ஆயினும் உற்பத்தி செய்ய அரசு உரிமம் கிட்டவில்லை. ஏழையும் ஏறத்தக்க அந்தக் கார் வீதிக்கு வராமலே போயிற்று. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார்.

பெற்றோர்களே! தொடக்கக் கல்வியோடு நின்றவர் மேதையானார் எனவே பள்ளி வேண்டுவதில்லை என்று எவரும் எண்ணற்க. பள்ளியின் அருமையை உணர்ந்தமையாலன்றோ அவர் தம் பொருளைக் கல்விக்கே ஈந்தார்! பால்மரம் வெட்டச் செல்லும் நும் மோட்டார் சைக்கிள் பழுதுற்று, அதனை நீவிர் பிரிக்கும்போது, பிள்ளைகளை விரட்டாதீர். அருகில் அமர்த்தி, அவர்கள் கேட்பனவற்றுக்கு விடை கூறுங்கள்.

மாணவர்களே! எப்பொருளைக் கண்டாலும் அஃது எவ்வாறு இயங்குகிறது எனக் கேளுங்கள். கழற்றுவது எளிது, மீண்டும் பூட்டி ஓடச் செய்வதே கல்வி. அக்கல்வியைப் பெற்று, நம் தோட்டத்திற்கும் நாட்டிற்கும் பெருமை சேர்ப்பீர்களாக!