வண்டித் தச்சரின் மகன் எர்னஸ்ட் ரூதர்போர்டு

அணுவைப் பிளந்தவர் என்று பள்ளிப் பாடநூல்கள் ரூதர்போர்டை நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. அவர் கண்டறிந்தவற்றை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலை அவர் எவ்வாறு கடந்தார் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் விண்ணப்பிக்க எண்ணும் நம் சமுதாய இளைஞர்களுக்கு அதுவே முதலில் தெரியவேண்டிய செய்தி எனக் கருதுகிறோம். ஆகவே அவர் வாழ்வின் அப்பகுதியைச் சற்று விரித்தும், ஏனையவற்றைச் சுருக்கியும் இங்கே எழுதுகிறோம்.

எர்னஸ்ட் ரூதர்போர்டு 1871ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், நியூசிலாந்து நாட்டில் நெல்சன் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். பின்னாளில் நார் உரிக்கும் ஆலை ஒன்றை நடத்தினார். தாயார் மார்த்தா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பன்னிரண்டு மக்களுள் எர்னஸ்ட் நான்காமவர்.

ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். அவர் நம்மைப் போல் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் அல்லர். ஊர்ப் பொதுக்கிணறும் பள்ளி வாசலும் அவருக்கு மூடப்பட்டிருக்கவில்லை. குடியேறிய வெள்ளையர் குடும்பம் என்பதால், அம்மண்ணின் பழங்குடிகளான மாவோரி மக்களுக்கு எட்டாத வாய்ப்புகள் அவருக்கு எட்டின. எனினும் வீட்டில் பொருள் இல்லை. உதவித்தொகை கிடைத்தால் படிப்பு உண்டு. கிடைக்காவிடில் ஆலை வேலைதான்.

அந்த உதவித்தொகை எதுவும் அவருக்கு எளிதில் வந்துவிடவில்லை. நெல்சன் கல்லூரி என்னும் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்கான உதவித்தொகைத் தேர்வில் முதன்முறை வெற்றி கிட்டவில்லை. இரண்டாம் முறை எழுதி, 1887ஆம் ஆண்டில் 600க்கு 580 மதிப்பெண் பெற்று அதனை வென்றார். பின்னர்ப் பல்கலைக்கழகப் படிப்புக்கென நாடு முழுமைக்கும் வழங்கப்பெற்ற பத்து உதவித்தொகைகளுள் ஒன்றை அடைந்ததும் இரண்டாம் முறையில்தான். 1890இல் கிறைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கேன்டர்பரி கல்லூரியில் சேர்ந்து, 1893இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றாயிற்று; வேலைதான் இல்லை. பள்ளி ஆசிரியர் பணிக்கு மூன்று முறை முயன்றும் நிலையான இடம் கிட்டவில்லை. படித்துவிட்டு வேலையின்றி வீடு திரும்பும் இளைஞனின் மனநிலை நம் தெருக்களில் யாருக்கும் விளக்கவேண்டிய ஒன்றன்று. அந்நிலையில் அவர் கல்லூரிக்கே திரும்பிச் சென்று மீண்டும் மாணவராகப் பதிவு செய்துகொண்டார். அதற்குத் தக்க காரணம் இருந்தது.

1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் ஈட்டிய இலாபத்தை நிருவகிக்க ஓர் ஆணைக்குழு அமைந்திருந்தது. அக்குழு 1891 முதல் அறிவியல் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை அளித்து வந்தது. ஆண்டுக்கு 150 பவுன். விரும்பிய ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சென்று பயிலலாம். விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற மாணவராக இருத்தல் வேண்டும். தாமே செய்த ஆராய்ச்சி ஒன்றையும் காட்டவேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் அங்கே செல்லாது.

கல்லூரியில் உடைகள் மாட்டிவைக்கும் நிலவறை ஒன்றே ரூதர்போர்டுக்கு ஆராய்ச்சிக்கூடமாயிற்று. விரைந்து அலைவுறும் மின்சாரம் இரும்பைக் காந்தமாக்கும் முறையை, பெரும்பாலும் தாமே செய்துகொண்ட கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தார். அவருடைய ஆசிரியர் பிக்கர்ட்டன் மாணவரின் திறனை உணர்ந்து துணை நின்றார். இன்று துகள் இயற்பியல் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடமும், நீ தானாகச் செய்தது என்ன, உன்னை அறிந்த ஆசிரியர் உன்னைப் பற்றி என்ன எழுதுகிறார் என்றே கேட்கின்றனர். கல்லூரி நாளிலேயே ஓர் ஆசிரியரின் நம்பிக்கையைப் பெறுவது அதனால்தான் இன்றியமையாததாகிறது. நம் பிள்ளைகள் பலர் கூச்சத்தால் இதில் பின்தங்கிவிடுகின்றனர்.

அந்த முறை நியூசிலாந்துக்கு ஒதுக்கப்பட்டது ஒரே இடம். போட்டியிட்டவர் இருவர். தேர்வு பெற்றவரோ ஆக்லாந்தைச் சேர்ந்த வேதியியலார் மக்லாரின். ரூதர்போர்டுக்கு மறுபடியும் இரண்டாம் இடம்! மக்லாரின் தம் சூழ்நிலையால் அதனை ஏற்க இயலாமல் விலகியதால் அது ரூதர்போர்டுக்கு வந்தது. செய்தி வந்தபோது அவர் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார் என்றும், இனித் தோண்டுவதற்கில்லை என்று மண்வெட்டியை எறிந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கப்பல் கட்டணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு 1895இல் இங்கிலாந்து சென்றார்.

அதே ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் விதியை மாற்றியிருந்தது. பிற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர் அங்கே ஈராண்டு ஆராய்ச்சி செய்து கட்டுரை அளித்துப் பட்டம் பெறலாம் என்பதே புதிய விதி. அவ்விதியின் கீழ்க் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் முதன்முதல் சேர்ந்தவர்களுள் ரூதர்போர்டும் ஒருவர். அங்கேயே பயின்று வந்த இளைஞர் சிலர் இவ்வெளியாரை ஏளனமாகப் பார்த்தனர். அவர்களுக்கு அவர் தம் கருவியாலேயே விடை தந்தார். நியூசிலாந்தில் உருவாக்கிய காந்தக் கருவியைக் கொண்டு அரை மைல் தொலைவிலிருந்து வந்த மின்காந்த அலைகளை உணர்ந்து காட்டினார். கதவைத் திறந்தது ஒரு விதி; அதன் வழியே நுழைந்தவர் தகுதியில்லாதவர் என்னும் பேச்சு அக்காலத்திலும் இருந்தது என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம்.

தலைவர் ஜே. ஜே. தாம்சன் அழைக்கவே, கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சியை விட்டு, எக்ஸ் கதிர்கள் வாயுக்களில் உண்டாக்கும் விளைவை ஆராயத் தொடங்கினார். 1898இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது வயது 27. தனிமங்கள் தாமே சிதைந்து வேறு தனிமங்களாக மாறுவதை அங்கே சாடியுடன் சேர்ந்து நிறுவினார். 1908இல் நோபல் பரிசு பெற்றார். 1911இல் மான்செஸ்டரில் அணுக்கருவை உலகுக்கு அறிவித்தார். 1919இல் நைட்ரஜன் அணுவை மோதி, பின்னர்ப் புரோட்டான் எனப் பெயரிடப்பட்ட துகளை வெளிப்படுத்தினார். அதே ஆண்டு கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

இப்போது விண்ணப்பங்கள் அவரிடம் வந்தன. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன் ஜேம்ஸ் சாட்விக் மான்செஸ்டரில் கணிதம் பயில வந்து, தவறுதலாக இயற்பியல் வரிசையில் நின்றுவிட்டு, கூச்சத்தால் அதனைச் சொல்லாமலே சேர்ந்தவர். அவர் 1913இல் அதே 1851 உதவித்தொகையைப் பெற்றுப் பெர்லினுக்குச் சென்றார். அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்றதும் அவ்வாண்டில்தான். போர்க்காலத்தில் செருமனியில் சிறைப்பட்டுக் கிடந்து திரும்பிய சாட்விக்கை ரூதர்போர்டு தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1932இல் நியூட்ரானைக் கண்டுபிடித்தவர் அவரே. பெண்களுக்கும் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடம் திறந்திருந்தது. கனடாவில் அவரிடம் முதன்முதல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர்களுள் ஒருவர் ஹேரியட் புரூக்ஸ் என்னும் பெண்மணி.

1933இல் இட்லரின் ஆட்சி யூத அறிஞர்களைப் பிறப்பைக் காட்டிப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. அவர்களுக்கு உதவ இங்கிலாந்தில் அமைந்த குழுவுக்கு ரூதர்போர்டு தலைமை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஐன்ஸ்டைன் பேசிய பெருங்கூட்டத்துக்கும் அவரே தலைவர். நாடிழந்த அறிஞர்களுக்கு ஊதியமும் ஆய்வுக்கூடத்தில் இடமும் தேடித் தரும் அப்பணியில், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் தாம் மறையும் வரை அவர் ஈடுபட்டிருந்தார்.