மறைக்கப்பட்ட பெயர்

ஈகையின் சிறப்பை விளக்கும்போதெல்லாம், எமது பிராசீன பாடசாலையிலே ஒஸ்கார் வைல்ட் எழுதிய ‘மகிழ்ச்சி இளவரசன்’ கதையை மாணாக்கருக்குத் தமிழிற் கூறுவது என் வழக்கம். பொன்னும் மணியும் போர்த்து நின்ற ஓர் இளவரசனின் சிலை, நகரத்து ஏழைகளின் துயர்கண்டு உருகித் தன் மேனிப் பொன்னையெல்லாம் ஒரு சிறு குருவியின் வாயிலாக ஈந்துவிடுகின்றது. அழகு போயிற்றெனக் கண்ட நகரப் பெரியோர் அதனை வீழ்த்திவிடுகின்றனர். பல்லாண்டுகளுக்கு முன், கதை முடிந்ததும் மாணாக்கன் ஒருவன் எழுந்து, இதனை எழுதியவர் எவ்வாறு இறந்தார் என்று வினவினான். வறுமையுற்றுப் பாரிஸ் நகரில் இறந்தார் என்று கூறிப் புத்தகத்தை மூடினேன். கூறியது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையை மறைத்தேன். அக்கடனை இன்று தீர்க்க முற்படுகின்றேன்.

வைல்ட் 1854 ஒக்ரோபர் 16ஆந் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் கண், செவி வைத்தியத்திற் பேர்பெற்றவர். தாயார் அயர்லாந்தின் உரிமைக்காகக் கவி பாடியவர். டப்ளினிலும் ஒக்ஸ்போர்டிலும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைத் துறைபோகக் கற்று, 1878 இல் நியூடிகேற் கவிதைப் பரிசையும் பெற்றார். 1884 இல் கொன்ஸ்ரன்ஸ் என்னும் நங்கையை மணந்து இரு மைந்தருக்குத் தந்தையானார். 1892 தொடக்கம் அவருடைய நாடகங்கள் இலண்டன் மாநகரின் உள்ளத்தைக் கவர்ந்தன. 1895 இன் தொடக்கத்தில் ஒரே காலத்தில் இரண்டு அரங்குகளிலே அவருடைய நாடகங்கள் இரண்டு நடந்தன. அரங்க வாயில்களிலே அவர் பெயர் விளங்கிற்று.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1891 இல், அல்பிரட் டக்ளஸ் என்னும் பிரபு குலத்து இளைஞரை அவர் சந்தித்தார். அந்நட்புக் காதலாயிற்று. டக்ளஸின் தந்தையாகிய குவீன்ஸ்பெரிப் பிரபு வெகுண்டு, 1895 பெப்ரவரியிலே, வைல்ட் உறுப்பினராயிருந்த கழகமொன்றில் இழிசொல் எழுதிய சீட்டொன்றை விட்டுச் சென்றார். அச்சொல்லில் எழுத்துப் பிழையும் இருந்தது. வைல்ட் மானநட்ட வழக்குத் தொடுத்தார். பிரபுவின் சார்பில் வாதாடிய எட்வேட் காசன், டப்ளின் கல்லூரியில் வைல்டோடு ஒருங்கு கற்றவர். அவருடைய குறுக்கு விசாரணையை வைல்ட் நகைச்சுவையால் வெல்ல முயன்றார். அரங்கிலே கைதட்டல் பெற்ற நா மன்றிலே அவரைக் கவிழ்த்தது. ஏப்ரல் 5ஆந் திகதி வழக்குக் கைவிடப்பட்டது. அன்று மாலையே அவர் கைதுசெய்யப்பட்டார்.

அவரைத் தண்டித்த சட்டம் 1885 இல் இயற்றப்பட்டது. சிறுமியரைப் பாதுகாக்கும் நோக்குடன் வந்த சட்டமூலத்திலே, லபூஷேர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இறுதி வேளையிற் சேர்த்த பிரிவு அது. ஆடவர் இருவர் மனமொத்து, மறைவிடத்திற் கூடினும் அது குற்றம் என்றது. வைல்ட் மாசற்றவர் என்று வாதிக்க யான் வரவில்லை. மனைவிக்குத் துரோகஞ் செய்தார். வறிய இளைஞரைப் பொருள் கொடுத்து நாடினார். ஆயின் சட்டம் அவற்றை வினவவில்லை. ஆண்மகன் ஆண்மகனை நாடினான் என்ற ஒன்றே அதற்குப் போதியதாயிற்று. முதல் விசாரணையில் ஜூரிமார் ஒருமைப்படவில்லை. இரண்டாவதில், மே 25ஆந் திகதி, இரண்டாண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

இனி அவர் பெயருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவர் கைதானதும் அரங்க வாயில்களிலிருந்தும் நிகழ்ச்சித் தாள்களிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. நாடகங்கள் மட்டும் சில காலம் நடந்தன. மக்கள் அவர் எழுதிய வார்த்தைகளுக்குச் சிரித்தனர். எழுதியவரைக் கேட்க நாணினர். மனைவி தம் பெயரையும் மைந்தர் பெயரையும் ஹொலண்ட் என மாற்றிக்கொண்டார். அம்மைந்தரைத் தந்தை பின்னர் ஒருபோதும் காணவில்லை. சிறையிலே அவர் சீ. 3. 3. என்னும் அறை இலக்கமானார். 1895 நவம்பரில், றெடிங் சிறைக்குக் கொண்டுசெல்லும் வழியில், கிளப்பம் சந்திப் புகையிரத நிலைய மேடையிலே, கைவிலங்கோடு அரைமணி நேரம் நிறுத்தப்பட்டார். சூழ்ந்து நின்றோர் எள்ளி நகைத்தனர். சிலை வீழ்ந்த கதையை எழுதியவர்க்கு அக்கதையே வாழ்வாயிற்று.

1897 மே மாதம் விடுதலை பெற்றார். தம் துயரைப் பேசுமுன், சிறையிற் கண்ட சிறுவரின் துயரையே பத்திரிகைக்கு எழுதினார். பசித்த பிள்ளைக்கு விசுக்கோத்துக் கொடுத்தமைக்காகக் காவலர் ஒருவர் வேலை நீக்கப்பட்டதையும் அதிற் கண்டித்தார். பிரான்சில் செபஸ்ரியன் மெல்மொத் என்னும் புனைபெயரில் வாழ்ந்தார். 1898 இல் வந்த ‘றெடிங் சிறைக் கதைப்பாடல்’ சிறை இலக்கத்தையே ஆசிரியர் பெயராகத் தாங்கிற்று. 1899 இல் நூலாகிய நாடகமும், முந்திய நாடகமொன்றை எழுதியவர் இயற்றியது என்ற குறிப்போடு, அவர் பெயரின்றியே வந்தது. 1900 நவம்பர் 30ஆந் திகதி பாரிஸ் விடுதியொன்றில் இறந்தார். வயது 46.

இங்கிலாந்து அச்சட்டத்தை 1967 இல் தளர்த்தியது. 1995 இலே வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்துப் புலவர் மூலையின் கண்ணாடிச் சாளரத்தில் வைல்டின் பெயர் பொறிக்கப்பட்டது. 2017 இலே, தண்டனை பெற்று இறந்த ஏறக்குறைய 50,000 ஆடவரோடு அவரும் மன்னிக்கப்பட்டார். மன்னிப்புக் கோரவேண்டியவர் யார் என்று என் மனம் வினவுகின்றது. அப்பிரிவின் சொற்களை ஒத்த பிரிவொன்று எமது நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலும் இடம்பெற்றது. வைல்டின் பெயர் ஆலயத்தில் ஏறிய அதே 1995 இல், அது பெண்களையும் உட்படுத்துமாறு இங்கு திருத்தப்பட்டது. இத்தகைய பிரிவுகளை நீக்க முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது.

அன்று வினவிய மாணாக்கன் இப்போது எங்குளன் என்று அறியேன். வெறும் ஆர்வத்தாற் கேட்டிருக்கலாம். அல்லது தன்பாலாரை நாடும் உள்ளத்தைத் தன்னுள்ளே மறைத்து, ஆசிரியர் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவனாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், யான் புத்தகத்தை மூடிய ஓசை அவன் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும்? அரங்க வாயிலில் அப்பெயரை நீக்கியவரையும் என்னையும் வேறுபடுத்தி அறிய அவனுக்கு யாது காரணம் இருந்தது? இவ்வாண்டும் அக்கதையைச் சொல்வேன். கதை முடிந்ததும், எவரும் வினவாவிடினும், அதை எழுதியவரின் கதையையும் சொல்வேன்.