பசியைப் பாட்டாக்கிய புச்சினி

ஓபரா என்றால் என்ன தெரியுமா நண்பர்களே? பேசுறதையெல்லாம் பாட்டாவே பாடுற நாடகம். அதில் பெரிய மேதை இத்தாலி நாட்டு ஜியாகோமோ புச்சினி. 1858 டிசம்பர் 22-ல் லூக்கா என்ற ஊரில் பிறந்தார். பரம்பரையாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற குடும்பம். 5 வயசிலேயே அப்பா இறந்துட்டார். பையன் வளர்ந்ததும் கொடுக்கணும்னு அப்பாவோட வேலையை ஊர்க்காரங்களே எடுத்து வச்சிருந்தாங்க!

ஆனா 1876-ல் பீசா நகரில் வெர்டியின் ‘ஐடா’ ஓபராவைப் பார்த்ததும் அவர் மனசு மாறிட்டது. அதைப் பார்க்க சுமார் 20 கிலோமீட்டர் நடந்தே போனாராம். அவங்க அம்மா இத்தாலி ராணிக்கு மனுப் போட்டு உதவித்தொகை வாங்கினாங்க. 1880-ல் மிலான் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வறுமைதான் கூட்டாளி.

அந்த வறுமைதான் பிறகு ‘லா போஎம்’ ஓபராவில் பாட்டாக வந்தது என்று நான் நினைக்கிறேன். 1896 பிப்ரவரி 1-ல் டூரின் நகரில் முதன்முதலாக நடந்தது. கதை பாரிஸில் நடக்கிறது. கடுங்குளிர். விறகு வாங்கக் காசில்லாமல் ரொடால்ஃபோ, தான் எழுதின நாடகத்தையே கிழித்து எரித்துக் குளிர் காய்கிறான். துணியில் பூ வேலை செய்து பிழைக்கிற மிமி, அணைஞ்சுபோன மெழுகுவத்தியோடு நெருப்புக் கேட்டு வருகிறாள். காதல் வருகிறது. ஆனா அவளுக்குக் காசநோய். அவளுக்காக ஒரு நண்பன் தன் பழைய மேலங்கியை அடகு வைக்கப் போகிறான். அப்படியும் மிமி இறந்துடுறா. இந்தக் காட்சியை எழுதி முடிச்சதும் புச்சினியே அழுதுட்டாராம்.

1924 நவம்பர் 29-ல் புற்றுநோயால் புச்சினி மறைந்தார். ஆனா மிமியை யாரும் விடவில்லை. 1990-ல் ஆஸ்திரேலிய இயக்குநர் பாஸ் லூர்மன் கதையை 1957-ம் வருஷத்துக்கு மாத்தினார். 2017-ல் பாரிஸில் ஒருத்தர் விண்வெளிக்கே கொண்டு போயிட்டார். (பசிக்கிறவன் கதைக்கு எதுக்கு விண்கலம்?)

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஜோனதன் லார்சன் எழுதிய ‘ரென்ட்’. ரென்ட் என்றால் வாடகை. நியூயார்க்கில் வாடகை கட்ட முடியாத கலைஞர்கள், காசநோய்க்குப் பதிலா எய்ட்ஸ். தன் நண்பர்களையே அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1996 ஜனவரி 25, முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய அன்று விடியற்காலையில் லார்சனே இறந்துட்டார். வயசு 35தான். அதன்பிறகு அந்த நாடகம் 12 வருஷம் பிராட்வேயில் ஓடியது.

லார்சனோட மிமி சாகிற நிலைக்குப் போய்ப் பிழைச்சுக்கிறா. புச்சினி முடித்ததுதான் சரின்னு எனக்குத் தோணுது. என் தோழி ஒத்துக்க மாட்டேங்குறா. ஒருத்தியாவது பிழைக்கட்டுமே என்கிறாள்.