அருளால் மீண்ட ஜான் நியூட்டன்

இலண்டன் மாநகரில் 1725ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் நியூட்டன். தந்தையார் வணிகக் கப்பல் தலைவர். வேதமும் செபமும் கற்பித்த அன்னையார், மகனுக்கு ஏழு வயது நிறையுமுன்னரே மறைந்தார். இளமையிலேயே கடலேறிய நியூட்டன், தேவநிந்தனை பேசுவதில் முதிர்ந்த மாலுமிகளையும் விஞ்சினார். கடற்படையினின்று தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடியும் பட்டார்.

பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகனிடம் வேலைக்கமர்ந்து, நோயுற்றுப் பட்டினி கிடந்தார். அப்போது விலங்கிடப்பட்ட அடிமைகள், தமக்கு அளந்து கொடுத்த சிற்றுணவில் ஒரு பங்கை மறைவாக அவருக்கு ஈந்தனர். அந்த நிலையிலும் கடற்கரை மணலில் குச்சியால் கோடிட்டு யூக்ளிடின் கணிதத்தைத் தாமே பயின்றார் என்பது, ஆசிரியனாகிய எனக்கு என்றும் வியப்பளிக்கும் செய்தி.

1748 மார்ச்சுத் திங்களில் தாயகம் திரும்பும் வழியில் கடும்புயல் கப்பலைத் தாக்கியது. சுக்கானைப் பற்றி நின்ற அவர், நெடுநாள் மறந்திருந்த ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார். அந்நாளை ஆண்டுதோறும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மனந்திரும்பியவர் அடிமை வாணிகத்தைக் கைவிட்டாரா? இல்லை. 1750 முதல் 1754 வரை மும்முறை அடிமைக் கப்பலின் தலைவராகவே சென்றார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் மாந்தர் சங்கிலியில் கிடந்தனர். தமக்கு உணவிட்ட கைகளை எங்ஙனம் மறந்தார்? அவர் வரலாற்றைக் கூறுவோருள் சிலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர், அது முறையன்று. அவரைக் கடலினின்று பிரித்ததும் மனச்சான்றன்று, திடீரென வந்த நோயே.

லிவர்ப்பூலில் சுங்கப் பணி பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் கற்று, 1764இல் குருப்பட்டம் பெற்றார். ஓல்னி என்னும் சிற்றூரில் ஏழை எளியோரிடையே ஊழியம் செய்தார். கவிஞர் கௌப்பருடன் சேர்ந்து அவர் 1779இல் வெளியிட்ட பாடல் நூலில்தான் உலகறிந்த 'அமேசிங் கிரேஸ்' இடம்பெற்றது.

1788இல், கடலை விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், அடிமை வாணிகத்தின் கொடுமைகளைத் தாம் கண்டவாறே ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அதில் தம் பங்கையும் மறைக்கவில்லை. அறிக்கை காலம் கடந்து வந்ததென்றும் ஒப்புக்கொண்டார். வில்பர்போர்சு போன்றோரின் போராட்டத்திற்கு அது படைக்கலமாயிற்று. 1807 மார்ச்சில் பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. பார்வை மங்கிய முதியவராய் அதனைக் கேட்டறிந்த நியூட்டன், அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். முன்னரே அடிமைப்பட்டிருந்தோரை விடுவிக்கும் சட்டமோ 1833இல்தான் நிறைவேறியது.