முன்ஷி அப்துல்லா: பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய முஸ்லிம் ஆசிரியர்

இன்னொரு மதத்தின் வேதநூலை மொழிபெயர்க்க உதவினால், சொந்த நம்பிக்கை குறைஞ்சிடுமா? சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் முன்ஷி அப்துல்லா.

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் பள்ளியில் படித்திருப்போம். ஆனா, அவருக்குத் தமிழும் தெரியும் என்பது தெரியுமா?

யார் இவர்?

1796இல் மலாக்காவில் பிறந்தார். ஏமனிலிருந்து வந்த அவருடைய மூதாதை ஒருவர் நாகூரில் மணமுடித்துக் குடியேறியவர். அப்துல்லா சிறுவயதிலேயே தமிழ் படித்தார். 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார்.

மலாக்கா கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் என்ற பொருளில் 'முன்ஷி' என்று அழைத்தவர்களும் அவர்கள்தான்.

சிக்கல் எங்கே வந்தது?

1815இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்கா வந்தார். மிஷனரிகளிடம் அப்துல்லா ஆங்கிலம் கற்றார். அவர்களுக்கு மலாய் கற்பித்தார். பைபிளின் மலாய் மொழிபெயர்ப்பிலும் உதவினார். முதலில் அப்பாவுக்கே கோபம். ஊரில் சிலர் 'அப்துல்லா பாதிரி' என்று கேலி செய்தார்கள்.

அவர் மதம் மாறவில்லை. மொழி கற்பதும் கற்பிப்பதும் அறிவுப் பணி. நம்பிக்கை வேறு என்பது அவர் நிலை. அதேநேரம் வேலையில் அலட்சியமும் இல்லை. மலாய் நடை பிழையாக இருந்தபோது, தாம்சன் என்ற பாதிரியாருடன் வாதாடினார். தாம் நம்பாத நூலாக இருந்தாலும், மொழி சரியாக இருக்கவேண்டும் என்று நினைத்தார்.

அரசர்களையும் விடவில்லை

1838இல் கிளந்தான் சென்றவர், வழியில் கண்ட ஏழ்மைக்கு ஆட்சியாளர்களின் அநீதியே காரணம் என எழுதினார். குடிமக்கள் இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்பது அவர் வாதம். ஜொகூர் சுல்தான் ஹுசேன் ஷாவின் சிங்கப்பூர் அரண்மனையிலிருந்து அடிமைப் பெண்கள் 27 பேர் தப்பி வந்ததையும் 'ஹிகாயத் அப்துல்லா' நூலில் பதிவு செய்தார்.

விமர்சனமும் உண்டு. மலாய் அரசர்களிடம் காட்டிய கண்டிப்பை ஆங்கிலேயர்களிடம் அவர் காட்டவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஜொகூருக்கு என்ன தொடர்பு?

அவருடைய மகன் முகமது இப்ராஹிம் முன்ஷி பின்னர் ஜொகூர் அரசின் உயர் அதிகாரியானார். அப்பாவைப் போலவே பயண நூலும் எழுதினார்.

அப்துல்லா 1854இல் காலமானார். 'பாதிரி' எனக் கேலி செய்யப்பட்ட அவரின் கடைசிப் பயணம், ஹஜ் பயணம்.