டோனாவூர் அம்மா

போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். திருநெல்வேலியிலிருந்து வந்த எங்கள் பாட்டி, பால்மரம் வெட்டிவிட்டு வந்து ஓய்வாக இருக்கும்போது, டோனாவூர் அம்மாவின் கதையைச் சொல்வார். அதை மறந்தே போயிருந்தேன். போன ஆண்டு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து என் கால் முறிந்தது. தோட்டப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய ஞாயிறு பள்ளி என்னோடு நின்றுவிடுமே என்று கலங்கிக் கிடந்தேன். அப்போதுதான் அந்தக் கதை மீண்டும் நினைவுக்கு வந்தது.

ஏமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தில் பிறந்தார். 17 வயதில் தந்தையை இழந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில், ஆலையில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக ஒரு மண்டபம் கட்ட விரும்பினார். அதற்கு 500 பவுன் தேவைப்பட்டது. மனிதரிடம் கேட்காமல் கடவுளிடம் கேட்பது என்று முடிவு செய்தார். பணம் வந்தது. அன்று எடுத்த முடிவை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

1895இல் இந்தியாவுக்கு வந்தவர் பிறகு தாயகம் திரும்பவே இல்லை. தமிழ் கற்றார், சேலை கட்டினார், திருநெல்வேலிச் சீமையின் ஊர்களில் ஊழியம் செய்தார். 1901இல், கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ப்ரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னும் பல பிள்ளைகள் வந்தார்கள். டோனாவூரில் அவர்களுக்கு ஒரு வீடு உருவானது. பிள்ளைகள் பெருகிய காலத்திலும் அவர் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை.

பணத்துக்குக் கடவுளை நம்பிய அவருக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பிறகு இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில்தான் கழிந்தன. ஓடியாடி உழைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய வேதனை! ஆனாலும் டோனாவூர் நின்றுவிடவில்லை. அவரிடம் வளர்ந்த பெண்களும் உடன் ஊழியர்களும் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர் அறையிலிருந்தே ஜெபித்தார், பல நூல்களை எழுதினார். 1951 ஜனவரி 18இல் காலமானார். தன் கல்லறையில் கல் நடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை மட்டும் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.

மாணவ நண்பர்களே, என் கால் சரியாக மூன்று மாதம் ஆனது. ஊன்றுகோலுடன் ஞாயிறு பள்ளிக்குப் போனேன். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் இரண்டு பெண்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் விட்டுப்போனபோது இருந்ததைவிட நான்கு பிள்ளைகள் அதிகம். முதலில் மனம் கொஞ்சம் சுருங்கியது உண்மைதான். நான் இல்லாமலும் நடக்கிறதே என்று நினைத்தேன். இத்தனை நாள் கடவுளை நம்புவதாகச் சொல்லிக்கொண்டு என்னைத்தான் நம்பியிருந்திருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது. பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் கேட்டேன்.