நிழலுக்கு உயிர் தந்த அம்மையார்

கலைத் தொழிலில் ஈடுபடுவோர்க்குப் பகை இரண்டு உண்டு. செய்வதைத் திருந்தச் செய்யாது முடித்துவிடத் துடிக்கும் அவசரம் ஒன்று. செய்ததையே மீண்டும் மீண்டும் செப்பனிட்டு, எதையும் முடிக்காமலே காலத்தைக் கழிக்கும் மயக்கம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நேரிய வழி கண்டு, சிறு குழுவின் துணையோடு முழுநீளச் சித்திரத் திரைப்படம் ஒன்றை ஆக்கி முடித்தவர் லோட்டே ரைனிகர் அம்மையார்.

இவர் 1899-ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் 2-ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் பிறந்தார். இளமையிலேயே கத்தரிக்கோல் இவர் கையில் எழுதுகோல்போல் இயங்கிற்று. கறுப்புத் தாளில் உருவங்களை வெட்டி, நிழற்கூத்து அரங்கு ஒன்றை அமைத்து, உற்றாரும் தோழியரும் கண்டு மகிழ நாடகம் நடத்துவார். பின்னர் நாடகப் பயிற்சி பெறச் சென்றபோது, பால் வேகனர் என்னும் புகழ்பெற்ற நடிகர் இவர்தம் கைத்திறனைக் கண்டு வியந்தார். 1918-இல் வேகனர் எடுத்த குழலூதுவோன் கதைப் படத்தில் எலிகள் கூட்டமாய்ச் செல்லவேண்டியிருந்தது. மரத்தால் எலிகளைச் செய்து, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் பணியில் ரைனிகர் ஈடுபட்டார். உயிரற்ற பொருள் திரையில் உயிர்பெறும் விந்தையை அங்கு அவர் நன்கு கற்றார். 1921-இல் கார்ல் கோஹ் என்பவரை மணந்தார். அவரே வாழ்நாள் முழுவதும் இவருக்கு உற்ற துணையாய் நின்றார்.

1923-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்துகொண்டிருந்தது. லூயி ஹாகன் என்னும் வங்கியாளர், பணத்தைப் பொருளாக்கிக் காக்கக் கருதிப் படச்சுருள்களை வாங்கி வைத்திருந்தார். அவற்றைக்கொண்டு நீண்ட படம் ஒன்று எடுக்குமாறு அவர் அம்மையாரை வேண்டினார். பாட்ஸ்டாம் நகரில் தம் இல்லத்து மோட்டார்க் கொட்டகையின் மேல்மாடத்தையும் ஒழித்துக் கொடுத்தார். கூரை தாழ்ந்த அவ்விடத்தில் நிமிர்ந்து நின்று வேலை செய்ய இயலாது. பழைய மோட்டார் வண்டியின் இருக்கை ஒன்றின்மீது மண்டியிட்டே அம்மையார் பணிபுரிந்தார். அரபு நாட்டு ஆயிரத்தோர் இரவுக் கதைகளைத் தழுவி, இளவரசன் அகமதுவின் வீரச்செயல்களைப் படமாக்கத் தொடங்கினார்.

அப்பணியின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரையில் ஒரு நொடி கழிவதற்கு 24 படங்கள் தேவை. ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள். ஒவ்வொரு படத்திற்கும் உருவத்தின் கையையோ காலையோ இம்மியளவு நகர்த்துதல் வேண்டும். மிகுதியாக நகர்த்தினால் அசைவு துள்ளும். குறைவாக நகர்த்தினால் சோர்ந்து தோன்றும். இத்தகைய தொழிலில் முகம், ஆடை, மரம், மாளிகை அனைத்தையும் ஒவ்வொரு படத்திலும் நுணுக்கமாகத் தீட்டப் புகுந்தால் படம் என்று முடியும்?

அம்மையாரின் முறை இதற்கு விடை தந்தது. உருவங்கள் கறுப்பு நிழல்களாதலின் முகத்தைத் தீட்டும் வேலை இல்லை. எனவே உழைப்பையெல்லாம் புறவடிவிலும் அசைவிலுமே செலுத்தினார். அட்டையாலும் மெல்லிய ஈயத்தகட்டாலும் உறுப்புகளை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்தார். அவற்றைக் கண்ணாடிப் பலகையின்மீது கிடத்திக் கீழிருந்து ஒளி பாய்ச்சினார். மேலிருந்த படக்கருவி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. அண்மைக் காட்சிக்கு நுண்ணிய வேலைப்பாடமைந்த பெரிய உருவத்தையும், சேய்மைக் காட்சிக்கு எளிய சிறிய உருவத்தையும் பயன்படுத்தினார். ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கி அமைத்த பின்னணியை ஒவ்வொரு படத்திற்கும் மாற்றவேண்டிய தேவை எழவில்லை. கண் தங்கும் இடத்தில் நுணுக்கம், கண் தங்காத இடத்தில் எளிமை என்பதே அவர் கண்ட நெறி.

எல்லாவற்றையும் தாமே செய்யவேண்டும் என்னும் பிடிவாதமும் அவரிடம் இல்லை. கோஹ் படக்கருவியைக் கவனித்தார். மாயக் காட்சிகளை வால்டர் ருட்மனிடமும், கடற்கொந்தளிப்பு முதலியவற்றைப் பெர்தோல்ட் பார்டோஷிடமும் ஒப்படைத்தார். ஆயினும் தரத்தில் தளரவில்லை. எடுத்த படங்கள் ஏறத்தாழ 2,50,000 என்றும், அவற்றுள் இறுதியில் ஏற்றவை ஏறத்தாழ 96,000 என்றும் கூறுவர். ஒன்றைத் தள்ளவும் ஒன்றைக் கொள்ளவும் துணிந்தமையால் மூன்றாண்டுகளில் பணி நிறைவுற்றது.

1926-ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் படம் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. பாரிஸ் நகரமும் அதனை உவந்து வரவேற்றது. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரப் படம் வெளிவருவதற்கு 11 ஆண்டுகள் முன்னரே தோன்றிய இப்படம், இன்று அழியாது கிடைக்கும் முழுநீளச் சித்திரப் படங்களுள் மிகப் பழையதாகும். மூலச்சுருள் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. எனினும் இலண்டனில் எஞ்சியிருந்த படி ஒன்றின் துணையால் அதன் பழைய வண்ணங்கள் பின்னர் மீட்கப்பட்டன.

ஹிட்லரின் ஆட்சியை வெறுத்து அயல்நாடுகளில் அலைந்தபோதும், பின்னர் இலண்டனில் குடியேறியபோதும் அம்மையார் கத்தரிக்கோலைக் கைவிடவில்லை. 1955-இல் அவர்தம் குறும்படம் ஒன்று வெனிஸ் நகரில் பரிசு பெற்றது. 1981-ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் 19-ஆம் நாள், 82-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நுணுக்கம் கலைக்கு அழகு. நிறைவு கலைக்கு உயிர். எவ்விடத்தில் உழைப்பைக் குவிப்பது, எவ்விடத்தில் கையை எடுப்பது என்று அறிந்தவரே தொடங்கியதை முடிப்பர். இவ்வுண்மைக்கு ரைனிகர் அம்மையாரின் வாழ்வு சிறந்த சான்றாகும்.